சீசனில் குடும்பத்தோடு கடற்கரைக்கு: முன்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தனை மாதம் முன்னாலேயே புக் செய்ய வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒருவர் மூன்று மாதம் போதும் என்பார், இன்னொருவர் ஒரு வருடம் என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம். அறை, விமானம், பாஸ்போர்ட், காப்பீடு, அங்கே போய் ஏறப்போகும் படகு என ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தேதி வைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல் ஆரம்பிக்கிறது.

டிக்கெட்டை முதலில் எடுப்பது

டிக்கெட் கைக்கு வந்த பிறகு அறை தேடலாம் என்பது பலருடைய பழக்கம். தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு இது ஒத்துவரும். குடும்பத்துக்கு, அதுவும் சீசனில், ஒத்துவராது. கடற்கரை ஓட்டல்களில் இருவர் தங்கும் அறைதான் அதிகம்; கடைசி வாரத்தில்கூட யாராவது ரத்து செய்து ஒன்று கிடைத்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் அறை ஓர் ஓட்டலில் சிலவே இருக்கும். சமையலறையோடு, தரைத்தளத்தில் என்று கேட்டால் இன்னும் குறைவு. அந்தச் சில அறைகளுக்குப் போட்டியிடுகிறவர்கள் எல்லாருக்கும் பள்ளி விடுமுறை அதே வாரங்களில்தான்.

அதனால் என் கணக்கு இது: பிள்ளைகளோடு சீசனில் போவதென்றால் அறைக்கு ஆறு மாதம். தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று சேர்ந்து தனி வீடு எடுப்பதாக இருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். சீசனில் வாரக்கணக்கில் மட்டும், அதுவும் சனி முதல் சனி வரை என்றே வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடு வேண்டுமென்றால் விமானத் தேதியை அதற்கேற்பத்தான் அமைக்க வேண்டியிருக்கும்.

விமான இருக்கைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் 330 முதல் 360 நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்குத் திறக்கின்றன. அதற்கு முன்பே தேடிப் பார்த்துவிட்டு, விமானமே இல்லை என்று திட்டத்தைக் கைவிட வேண்டாம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

டிக்கெட்டில் இன்னொரு விஷயம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது மலிவான கட்டணத்தில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், பல இணையதளங்கள் நான்கு பேருக்கும் அடுத்த உயர்ந்த கட்டணத்தையே காட்டும். இரண்டு பேருக்கு மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு பதிவாகப் பிரிக்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகக் கையாள்வார்கள், ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவராவது இருக்கும்படி பிரியுங்கள். கைக்குழந்தை திரும்பும் நாளுக்குள் இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது, தனி இருக்கை வாங்க வேண்டும். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நான்கு பேர் தங்கலாம்’ என்பதை அப்படியே நம்புவது

அந்த வரிக்குக் கீழே என்ன கட்டில் என்று படியுங்கள். பல இடங்களில் ஒரு பெரிய கட்டிலும் ஒரு சோபாவும்தான் இருக்கும். சோபாவை இழுத்து விரித்தால் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். இரவில் ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டியதுதான். இரண்டு இரவு சமாளிக்கலாம், ஏழு இரவு கஷ்டம்.

பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்ளே கதவு வைத்து இணைத்த அறைகள் வேறு. சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதுதான் வேண்டும். பதிவுப் படிவத்தில் கோரிக்கை என்று எழுதி அனுப்பியதாலேயே அது கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஓட்டலுக்கு எழுதி, உறுதி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டில் கட்டிலுக்கும் இதேதான், அது எண்ணி வைத்த சிலவே இருக்கும். ‘குழந்தைதானே, நடுவில் படுக்க வைத்துக்கொள்ளலாம்’ என்று வயதைச் சொல்லாமல் விடுவதும் வேண்டாம். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதற்குத் தீப்பாதுகாப்பு வரம்பு இருக்கலாம். வரவேற்பு மேசையில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டால், சீசனில் அந்த இரவு வேறு அறை தேடுவது லேசான வேலை இல்லை.

தேதியை நம் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்த்துக் குறிப்பது

போகிற ஊரின் விடுமுறையையும், அங்கே கூட்டமாக வருகிற நாடுகளின் விடுமுறையையும் பாருங்கள். ஐரோப்பாவில் ஆகஸ்ட் முழுக்கக் கடற்கரைகள் நிரம்பி வழியும். நீண்ட விடுமுறை என்றால் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் கூட்டம் கொஞ்சம் தளரும், எல்லாரும் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள். கடலும் அந்த வாரத்துக்குச் சாதகம்தான். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். வட அரைக்கோளத்தில் மிக நீண்ட பகல் ஜூனில் வந்தாலும், பல கரைகளில் தண்ணீர் மிக வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்டில், சில இடங்களில் செப்டம்பரில்.

ஆனால் சில கரைகளில் அதே காலத்தில் விலை இறங்குவதற்கு வேறு காரணம் உண்டு. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. அந்தப் பக்கம் போவதாக இருந்தால் காப்பீட்டை முன்பதிவு செய்த கையோடு எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலால் வரும் இழப்பைத் தராது.

பலர் பார்க்கவே பார்க்காத ஒன்று ஓத அட்டவணை. கடலின் ஏற்ற இறக்கத்தை மாதக்கணக்கில் முன்பே கணித்துவிடலாம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். ஆழமில்லாத கரையில் இறக்கத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். பிள்ளைகள் குளிக்கத் தோதான நேரம் காலையிலா நடுமதியத்திலா என்பது உங்கள் வாரத்தைப் பொறுத்தது. தேதியில் இழுபறி இருந்தால் இதையும் பார்த்து முடிவெடுக்கலாம்.

பாஸ்போர்ட்டை மறப்பது

வெளிநாடு என்றால், வந்திறங்கிய பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் ஆயுள் குறைவு. பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். அறை பதிவு செய்யும் அதே வாரத்தில் எல்லாருடைய தேதியையும் பார்த்துவிடுங்கள். சீசன் நெருங்கும்போது புதுப்பிக்கும் அலுவலகத்திலும் கூட்டம்தான்.

எல்லாவற்றையும் சீக்கிரமே முடித்துவிடுவது

கொஞ்சம் விலை குறைகிறது என்று பணம் திரும்பக் கிடைக்காத அறையை ஒன்பது மாதம் முன்னாலேயே எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய்ச்சல் வரும், தேர்வுத் தேதி மாறும். இலவச ரத்து உள்ள அறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. அந்தக் கெடுவைக் கவனமாகப் படியுங்கள். சீசன் அல்லாத நாட்களில் ஒரு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம் என்கிற ஓட்டலே சீசனில் 14 நாள், 30 நாள் என்று வைக்கும். நேரமும் பெரும்பாலும் ஓட்டல் இருக்கும் ஊரின் நேரம். போனில் ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வையுங்கள், குறிப்பாக ஒன்றுக்கு இரண்டாக அறை பிடித்து வைத்திருந்தால்.

ஏழு இருக்கை வாடகை வண்டியையும் குழந்தை இருக்கையையும் டிக்கெட்டோடு பதிவு செய்யலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும். படகுச் சவாரி, முக்குளிப்பு போன்றவற்றை நாள் வாரியாக மாதக்கணக்கில் முன்பே பூட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் வானிலைக் கணிப்பை நம்ப முடியாது. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாளில் வைத்துக்கொண்டால், அலை அதிகம் என்று ரத்தானாலும் பின்னால் வேறு நாள் மிச்சமிருக்கும்.

சரி, இதற்குள் தாமதமாகிவிட்டது, இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால்? ஏழு இரவை ஒரே இடத்தில் தேடாமல் மூன்று, நான்கு என்று இரண்டு ஓட்டலாகப் பிரித்துத் தேடுங்கள். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் ஊரையும் பாருங்கள். அப்புறம், பிடித்த ஓட்டலின் இலவச ரத்துக் கெடு எது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் கெடுவுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில்தான் கூடுதலாகப் பிடித்து வைத்தவர்கள் அறையை விடுவிப்பார்கள். அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் பாருங்கள், முடிந்தால் ஓட்டலுக்கே போன் செய்து கேளுங்கள்.