ஊருணியில் அள்ளிய மண் எங்கே போனது? மாணவர்களின் முதல் புலனாய்வுச் செய்தி, படிப்படியாக

காரைக்குடிப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்குப் புலனாய்வுச் செய்தி எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். எதை விசாரிக்கப் போகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டால் பாதிப் பேர் சிலைக் கடத்தல் என்பார்கள், மீதிப் பேர் ஏதாவது ஒரு பெரிய தலையின் பெயரைச் சொல்வார்கள். நான் அவர்களை ஊருணிக்கு, அதாவது ஊர்ப் பொதுக் குளத்துக்கு, அனுப்புவேன். செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் அபூர்வம். அதற்குக் காகிதம் இருக்கும், கண்ணால் பார்க்கலாம், கரையில் உட்கார்ந்தால் பேச ஆளும் கிடைக்கும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஊருணியில் ஏன் தண்ணீர் நிற்பதில்லை?" என்பது பேச்சுப் போட்டிக்கு ஆகும், விசாரணைக்கு ஆகாது. "2023-24இல் இந்த ஊருணியைத் தூர்வாரியதாகக் கணக்கு இருக்கிறதே, அந்த வேலை நடந்ததா?" என்று கேளுங்கள். நடந்தது, நடக்கவில்லை, பாதி நடந்தது என்று மூன்றில் ஒன்று பதிலாக வரும். "ஒழுங்காகவே நடந்தது" என்று முடிந்தால் அதையும் எழுத மனசு வேண்டும். இல்லையென்றால் இந்த வேலைக்கு இப்போதே வேண்டாம்.

படி 2: சும்மா கிடைக்கும் காகிதங்கள்

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். இடம் என்ன வகையில் பதிவாகியிருக்கிறது, பரப்பு எவ்வளவு என்று தெரியும். ஊராட்சியின் திட்டமும் செலவும் ஈ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் இருக்கும். அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள். கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், வாயைத் திறக்க வேண்டாம்.

படி 3: தகவல் உரிமை மனு

2005இல் வந்த மத்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே 1997இல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் போட்டது, அதுதான் இந்திய மாநிலங்களில் முதல். இதை வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வெள்ளைத் தாள், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், "பொதுத் தகவல் அலுவலர்" என்று முகவரி, அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

புதியவர்கள் சறுக்குவது கேள்வியில். "ஏன் ஊழல் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: "மேற்படி பணியின் மதிப்பீட்டு அறிக்கை, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டியல் (பில்) ஆகியவற்றின் நகல் வழங்கவும்." நடந்த வேலையை அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகத்தை அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். நமக்கு உயிர்நாடி அதுதான்.

பதிலுக்கு 30 நாள். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆகவே ஆசிரியர்களே, செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனுவைத் தபாலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 4: மண்ணை எண்ணுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. எம்-புக்கில் 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் எடுத்ததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200 கன மீட்டர் மண். நம் பக்கம் மண்ணை யூனிட்டில்தான் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். வகுத்தால் 424 யூனிட் வரும். டிராக்டருக்கு நடைக்கு ஒரு யூனிட் என்றால் 424 நடை. அத்தனை நடை ஒரு சின்ன ஊர்த் தெருவில் போனால் டீக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அவ்வளவு மண் எங்கே கொட்டிக் கிடக்கிறது?

டேப்பை எடுத்துக்கொண்டு ஊருணியை நீங்களே அளந்து பாருங்கள். படம் எடுத்த தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். செல்போன் தொலையும், நோட்டு கிடக்கும்.

படி 5: பேசுவது

முதல் வாக்கியமே "நான் மாணவன், செய்திக்காகக் கேட்கிறேன்" என்று இருக்கட்டும். ரகசியப் பதிவு என் வகுப்பில் கிடையாது. பெயர் போடலாமா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் நோட்டிலும் அந்தப் பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். ஊராட்சியில் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் அக்கா உங்களிடம் பேசியது வெளியே தெரிந்தால் நாளைக்கு அவர் வேலைக்குத்தான் ஆபத்து, உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வரும், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். காபி குடிக்கலாம். கவரைத் தொடக் கூடாது, பெட்ரோல் செலவுக்கு என்றாலும் சரி.

படி 6: பெயர், விலாசம்

செட்டிநாட்டில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். முன்னெழுத்து நாலைந்து இருக்கும், அதிலும் பாதி ஒன்றுபோலவே இருக்கும். நான் எழுத வந்த புதிதில், பட்டாவில் இருந்த பெயரை வைத்து, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்தவர் இவர்தான் என்று ஒருவரை எழுதிவிட்டேன். பட்டாவில் இருந்தவர் காலமாகி ரொம்ப வருடம் ஆகிவிட்டது. நான் எழுதியது பேரனை. பங்காளிகள் பாகம் பிரித்ததில் அந்த நிலம் வேறு பங்குக்குப் போய், அவருக்கு அதில் ஒரு அடிகூட இல்லை. திருத்தம் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. அந்த வீட்டு ஆச்சி காபி கொடுத்தார்.

அதிலிருந்து தகப்பனார் பெயர், ஊர், விலாசம், வில்லங்கச் சான்று எல்லாம் பொருந்தி, நேரிலும் ஒருவர் உறுதி செய்தால்தான் பெயரைப் போடுவேன்.

படி 7: வரிவரியாக அடித்துப் பாருங்கள்

மூன்று பேர் குழுவில் ஒருவர் எதிர்க்கட்சி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "எந்தக் காகிதம்? யார் சொன்னது?" என்று அவர் கேட்க வேண்டும், பதில் இல்லாத வரி போக வேண்டும். "கொள்ளை", "சுருட்டினார்" எல்லாம் முதலில் போகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. அதில் தப்பிக்க உண்மை மட்டும் போதாது, பொதுநலனும் இருக்க வேண்டும். ஊருணிச் செய்தியில் வராது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்: பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடப் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பெயரை விட்டுவிட்டுத் தெருவையும் பள்ளியையும் எழுதினாலும் அது அடையாளம்தான்.

படி 8: எதிர்த்தரப்பைக் கேளுங்கள்

செய்தி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் போட்டு "எடுக்கவில்லை" என்று எழுதுவது ஏமாற்று வேலை. கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

ஒருமுறை என் மாணவர்கள் இப்படித்தான் 424 நடைக் கணக்கோடு ஒப்பந்ததாரரிடம் போனார்கள். அவர் சிரித்துவிட்டு, "டிராக்டர்னு யார் தம்பி சொன்னா? மூணு யூனிட் டிப்பர்ல ராத்திரி பகலா அடிச்சோம்" என்றார். அப்படியென்றால் நடை சுமார் 141தான். மண் பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்தை மேடாக்கப் போயிருந்தது. பிள்ளைகள் போய் அளந்தார்கள், ஏறக்குறைய சரியாகவே இருந்தது. முகம் தொங்கித் திரும்பி வந்தவர்களை மதிப்பீட்டு அறிக்கையை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த மனுவை அன்று சாயங்காலமே எழுதினார்கள்.