ஃபைல் சர்வர் ஆமை வேகமா? 11 என்ற எண் தெரிகிறதா பாருங்கள்

“சர்வர் ஸ்லோ” என்று யாராவது குரல் கொடுத்தால், உடனே ஓடிப்போய் ரீஸ்டார்ட் செய்வதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டில் சில சமயம் சரியாகிவிடும்; எதனால் கெட்டது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது சின்ன அலுவலகம்: ஏழெட்டு விண்டோஸ் கணினிகள், அவற்றைக் கேபிள்களால் இணைக்கும் ஒரு ஸ்விட்ச், மூலையில் ஒரு நாஸ் பெட்டி (எல்லோரும் ஃபைல் வைக்கும், நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் பெட்டி; இதுதான் சர்வர்). நாஸுக்குப் பதில் பழைய கணினியில் லினக்ஸும், விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா மென்பொருளும் ஓடினாலும் வழி இதேதான்.

படி 1: எல்லோருக்குமா, ஒருவருக்கா?

பக்கத்து இருக்கையில் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கணினி, கேபிள், பாஸ்வேர்டு. எல்லோருக்கும் என்றால் சர்வர் அல்லது ஸ்விட்ச். தேட வேண்டிய இடம் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

படி 2: ஒரே ஒரு பெரிய ஃபைல்

வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் வழியாக 2 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவை சர்வரிலிருந்து நகலெடுங்கள். நகலெடுக்கும் ஜன்னலில் விவரங்களை விரித்தால் வேகம் தெரியும். கிகாபிட் இணைப்பு என்றால் கணக்குப்படி விநாடிக்கு 125 எம்பி. நடைமுறையில் 110 வந்தாலே நல்ல வேகம்.

அது 11-இல் ஆணி அடித்தது போல நிற்கிறதா? சந்தோஷப்படுங்கள், குற்றவாளி அநேகமாகக் கேபிள்தான். கேபிளுக்குள் 8 கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, கேபிள் முனையின் கிரிம்ப் சரியாகப் பிடிக்காவிட்டாலோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும்; நகலெடுக்கும்போது அதுதான் விநாடிக்குச் சுமார் 11 எம்பி. இன்டர்நெட் ஓடும், மெயில் வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணடித்தேன். கடைசியில், மேசைக் கால் கேபிளை நசுக்கிக்கொண்டிருந்தது!

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் இணைப்பு வேகம் 1000 (அதாவது கிகாபிட்) என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். 100 என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்புறம் ஸ்விட்சில் வேறு போர்ட். அப்போதும் மாறவில்லையா? ஸ்விட்சே பழைய 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். எல்லோருக்கும் 11 என்றால் சர்வருக்குப் போகும் கேபிளிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: இணைப்பு 1000, ஆனாலும் மெதுவா?

பெரிய ஃபைல் வேகமாகப் போய், பத்தாயிரம் சின்னப் படங்கள் உள்ள ஃபோல்டர் மட்டும் தவழ்ந்தால் அது கோளாறு இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் திறக்க, எழுத, மூடத் தனித்தனியே சர்வரோடு பேச வேண்டியிருக்கிறது. ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புங்கள்.

பெரிய ஃபைலும் தவழ்ந்தால் நாஸின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து டிஸ்க் நிலவரம் பாருங்கள். இடம் நிரம்பியிருக்கலாம். ரெய்டு ரீபில்ட் (டிஸ்க் மாற்றியபின் தரவை அதில் மறுபடி நிரப்பும் வேலை) ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுங்கள். டிஸ்க் பழுதாகப் போகிறது என்று சொல்லும் ஸ்மார்ட் எச்சரிக்கை இருந்தால், ஆராய்ச்சியை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

படி 4: திறக்கவே மாட்டேன் என்றால்

80070035 என்று முடியும் பிழையா? சர்வர் இருக்கும் பாதையே தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது. பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் சிக்கல் பெயரில்தான். ஐபியும் வேலை செய்யவில்லை என்றால், ரவுட்டர் அதை மாற்றிக் கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் நாஸுக்கு நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றிய பிறகு தகராறு என்றால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது உட்கார்ந்திருக்கும். நீக்கிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 அப்டேட் வந்ததும் நாஸ் கதவடைத்துவிட்டதா? பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை அந்தப் பதிப்பு தானாகவே தடுக்கிறது. “எஸ்எம்பி1-ஐ (ஃபைல் பகிர்வின் பழைய முறை) ஆன் செய்” என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் புகுந்து பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். நாஸில் ஆளுக்கொரு கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள், பத்து நிமிட வேலை.