இயற்கைக்கு முடிவில்லாத இலக்கங்கள் தேவையா? ஷீட்டில் போட்டுப் பாருங்கள்

ஒரு பந்து எங்கே இருக்கிறது என்று சொல்ல இயற்பியல் ஒரு மெய்யெண்ணைக் கேட்கும், அதாவது புள்ளிக்கு அப்புறம் முடிவே இல்லாமல் நீளும் இலக்கங்கள். இயற்கை அத்தனையையும் நிஜமாகவே கையில் வைத்திருக்கிறதா? தத்துவம் பேசுவதற்கு முன்னால் எக்செலையோ கூகுள் ஷீட்ஸையோ திறங்கள், பத்து நிமிஷ வேலைதான்.

முதல் கட்டத்தில் 0.1 போடுங்கள். அதற்குக் கீழே, மேலே உள்ள எண்ணை 2ஆல் பெருக்கி, புள்ளிக்கு முன்னால் வரும் முழு எண்ணை மட்டும் வெட்டி எறிகிற ஃபார்முலா (மாட் ஃபங்ஷன் போதும்). அப்படியே 100 வரிக்கு இழுத்துவிடுங்கள். கையால் போட்டால் 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2 என்று காலத்துக்கும் சுற்ற வேண்டிய கணக்கு இது. ஷீட்டில் பத்து இலக்கம் தெரியும்படி வைத்தால் 30வது வரி வாக்கில் வால் பிசகியிருக்கும், 60 வருவதற்குள் சுத்தமாக 0, அப்புறம் எல்லாமே 0. கணினி ஒரு எண்ணுக்கு 53 இரும இலக்கம்தான் (0, 1 மட்டும் உள்ள எழுத்து முறை) வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு இரட்டிப்பும் அதில் ஒன்றைத் தின்கிறது, சரக்கு தீர்ந்தது.

இயற்கையும் இப்படி நின்றுபோகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது மெஷினின் வறுமை.

சரி, பக்கத்து நெடுவரிசையில் அதே ஃபார்முலா, ஆனால் ஒவ்வொரு வரியிலும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு ராண்டம் எண்ணை லட்சம் கோடியால் வகுத்துக் கூட்டுங்கள். நான்கு இலக்கம் மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, எக்செலில் எஃப்9 அழுத்திக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு தடவையும் ராண்டம் எண்கள் மாறும். மேல் 20 வரி அசையாது, 40ஐத் தாண்டினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறு எதிர்காலம், 0இல் போய் விழுவதும் இல்லை. ஜெனீவா இயற்பியலாளர் நிக்கோலா ஜிசான் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்: தூரத்து இலக்கங்கள் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டவை அல்ல, காலம் போகப் போக உருவாகின்றன.

அளந்து தீர்க்கலாமே என்றால், எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனை (அது எவ்வளவு வலுவான குட்டிக் காந்தம் என்பதை) 2023இல் ஏறத்தாழ 13 இலக்கம் வரை அளந்தார்கள், மிகத் துல்லியமான அளவீடுகளில் அது ஒன்று, இரும இலக்கத்தில் அது சுமார் 43, அதனால் வரிக்கு ஒன்று தின்னும் நம் ஷீட்டில் 43 வரிக்குத்தான் காணும். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தையே பிளாங்க் நீளத் துண்டுகளாக நறுக்கினாலும் (இயற்பியலில் பேசப்படும் மிகமிகச் சின்ன நீளம்; அதுதான் கடைசி அளவு என்று யாரும் நிரூபித்துவிடவில்லை) சுமார் 205 வரி. அதனால் இரண்டு நெடுவரிசையில் எது இயற்கை என்று எந்தக் கருவியும் இன்றைக்குச் சொல்லாது. என் ஓட்டு இரண்டாவதற்கு.