மாலைப் படகுச் சவாரி: காசு போன பிறகுதான் புரியும் தவறுகள்

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சின்னச் சின்னக் குழுக்களை வெளிநாடுகளுக்கு அழைத்துப் போகிறேன். ஆறோ கடலோ உள்ள ஊர் என்றால் ஒரு மாலையைப் படகுக்கு என்று ஒதுக்கிவிடுவேன். போன மாதம் ஒரு தம்பதி தாங்களே போட்ட பயணத் திட்டத்தைக் காட்டினார்கள். ஜூன் கடைசி வாரம், பாரிஸ், சேன் நதியில் மாலை ஏழரை மணிப் படகு, பக்கத்திலேயே "விளக்கொளியில் ஈஃபில் கோபுரம்" என்று ஒரு குறிப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, நேரம்கூட மாறவில்லை. அதைப் பார்த்ததும்தான் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், போனில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

## சூரியனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து டிக்கெட் போடுவது

வெப்பமண்டல ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி என்றால் இருட்டு, வருடம் முழுக்க அதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்தப் பழக்கத்தில் ஏழரை மணிப் படகு என்றதும் இரவுப் படகு என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைவதே கிட்டத்தட்ட இரவு பத்து மணிக்கு.

நான் அந்தத் தவறைச் செய்தபோது அப்பா அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். சாப்பாட்டோடு இரண்டு மணி நேரப் படகு, சாதாரணப் படகைவிடப் பல மடங்கு விலை, நான்கு பேருக்கு. கண்ணாடிக் கூரை வேறு. ஏறியதிலிருந்து இறங்கும்வரை வெயில் நேராக முகத்தில் அடித்தது, அம்மா ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். 1607-இல் திறந்த பான் நெஃப் பாலத்துக்கு அடியில் போனோம், நகரத்தில் இன்றும் நிற்கும் பாலங்களிலேயே பழையது அதுதான். அழகான பாலம், ஆனால் அதைப் பகலில் கரையோரமாக நடந்தே பார்த்துவிடலாம், ஒரு காசு செலவில்லை. ஒன்பதரைக்கு இறக்கிவிட்டபோது எங்கும் ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதற்கு மேல் நிற்க முடியாது, விடுதிக்குத் திரும்பிவிட்டோம். பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாகத் தூரத்தில் கோபுரம் மினுமினுப்பது தெரிந்தது. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் 20,000 பல்புகள் அப்படி மின்னும். அப்பா தூங்கிவிட்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. அதன் பிறகு அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியவில்லை.

இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம், டிக்கெட் விற்றவர்கள் அந்த ஏழரை மணிப் படகுக்குப் போட்டிருந்த படம் நள்ளிரவில் எடுத்தது போன்ற படம். டிசம்பருக்கும் அதே படம், ஜூனுக்கும் அதே படம். கேட்டதற்கு, மாலைப் படகு என்றுதானே போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. சொன்னது பொய் இல்லைதான், ஆனால் அந்த மாதத்தில் அந்த நேரத்துக்கு வெயில்தான் அடிக்கும் என்று ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்த ஊருக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகக் கோடையில் பகல் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். அதோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். பாரிஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, ஊர் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும், ஆனால் அங்கே எப்போதுமே அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து, ஜூனில் சூரியன் உச்சிக்கு வரவே பகல் 1.50 ஆகிவிடும். அதே பாரிஸில் டிசம்பர் கடைசியில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் நான்கு மணி வாக்கிலேயே. அந்த மாதத்தில் போய் எட்டு மணிப் படகுக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறு மணிப் படகிலேயே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் அந்தத் தேதிக்கு, அந்த ஊரில் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரப் படகு என்றால் அதற்கு இருபது நிமிடம் முன்னால் கிளம்புவதை எடுங்கள். மறைந்ததும் இருட்டிவிடாது, வானம் அடர்நீலமாக இருக்கும் ஒரு நேரம் வரும், விளக்குகளும் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். வெப்பமண்டலத்தில் அது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய, ஜூன் மாதப் பாரிஸில் நாற்பது நிமிடத்துக்கு மேல். எனக்கு அந்த நீல நேரம்தான் முக்கியம், நடு இரவில் எடுத்த படங்களில் கறுப்பு வானமும் சில வெள்ளைப் புள்ளிகளும்தான் மிஞ்சும். நன்றாக இருட்டிய பிறகு கோபுரம் மின்னுவதைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு அடுத்த படகு. அந்தத் தம்பதியைப் பத்தரை மணிப் படகுக்கு மாற்றச் சொன்னேன். குழந்தை தூங்கிவிடுமே என்றார்கள். மதியம் தூங்க வைத்துவிடுங்கள் என்றேன்.

## சூரியன் எந்தக் கரையில் இறங்குகிறது என்று யோசிக்காதது

இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணையில் ஐரோப்பியக் கரை மேற்கில் இருக்கிறது. டோல்மாபாச்சே அரண்மனை, ஓர்த்தாகோய் மசூதி இரண்டும் அந்தப் பக்கம்தான். ஆகவே சூரியன் இறங்கும் நேரத்தில் அவை வெறும் நிழலாகத்தான் தெரியும், படம் எடுத்து ஏமாந்து போவார்கள். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பி ஆசியப் பக்கத்து உஸ்குதார் கரையைப் பாருங்கள், ஜன்னல்கள் எல்லாம் தீப்பிடித்தது போல மின்னும். விளக்கு எரிந்த பிறகு மேற்குக் கரைக்குத் திரும்பினால் போதும்.

## சாப்பாட்டுப் படகுதான் உயர்ந்தது என்று நினைப்பது

உள்ளே வெளிச்சம் இருந்தால் ஜன்னல் கண்ணாடியில் தெரிவது உங்கள் முகமும் பக்கத்து மேசையும்தான். சாப்பாட்டைக் கரையில் முடித்துவிட்டு, திறந்த தளம் உள்ள சாதாரணப் படகில் போங்கள். அதுவும் எல்லா ஊரிலும் தேவையில்லை. ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெர்ரி, இஸ்தான்புல்லில் எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்கும் காடிகோய்க்கும் போகும் படகுகள் எல்லாம் உள்ளூர் மக்கள் வேலைக்குப் போய்வரும் படகுகள், காட்சி அதேதான், கட்டணம் மிகக் குறைவு. வர்ணனை இருக்காது, எனக்கு அது நிம்மதி.

## படகுத்துறை

பெயரைக் கேட்டு நம்பாமல் வரைபடத்தில் புள்ளியைப் பாருங்கள். பாங்காக்கில் மாலைப் படகுகள் கிளம்பும் இரண்டு வணிக வளாகங்களில் ஐகான்சியாம் ஒரு கரை, ரிவர் சிட்டி எதிர்க்கரை.

## மேல்சட்டை

குளிருக்கு ஒன்றைக் கோடையிலும் எடுத்துப் போங்கள்.

## உயிர்காக்கும் அங்கி எங்கே என்று பார்க்காமல் உட்காருவது

2019 மே 29 இரவு, புடாபெஸ்டில் கொட்டும் மழையில் மார்கரெட் பாலத்துக்கு அருகே ஹாப்லேயாஞ் என்ற சுற்றுலாப் படகு ஒரு பெரிய பயணக் கப்பலோடு மோதி, சில நொடிகளில் டான்யூபில் மூழ்கியது. படகில் இருந்த 35 பேரில் 7 பேர்தான் பிழைத்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நான் இன்னமும் அதே நதியில் ஆட்களை அழைத்துப் போகிறேன். ஆனால் ஏறியதும் அங்கி எங்கே இருக்கிறது, மேல்தளத்துக்குப் படி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். குழந்தைக்கு ஏற்ற அளவில் அங்கி இருக்கிறதா என்று ஊழியரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கடும் மழை, காற்று என்றால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, ஏறாதீர்கள்.

## கடைசி இரவுக்கு ஒதுக்கி வைப்பது

சேன் நதியில் நீர்மட்டம் ஏறினால் பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாது, சவாரியை நிறுத்திவிடுவார்கள். 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் அப்படி ஆனது. கடைசி இரவு என்றால் மாற்று நாள் கிடையாது. முதல் இரவும் வேண்டாம், கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே இரவு பத்து மணி என்றால் உடம்புக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும், படகிலேயே தூங்கிவிடுவார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது மாலை சரியாக இருக்கும்.