போஸ்ட்கிரெஸ் டேபிளில் மாற்றத்தைக் கண்டுபிடிக்க: ட்ரிக்கரா, போலிங்கா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உள்ள ஆர்டர் டேபிளில் ஒரு வரி மாறினால் இன்னொரு சர்வீஸுக்குத் தெரிய வேண்டும். பலரும் 'கடைசியாக மாறிய நேரம்' என்றொரு புலத்தைச் சேர்த்து, இண்டெக்ஸ் போட்டு, 5 நொடிக்கொருமுறை புதிய வரிகளை எடுப்பார்கள். இதுதான் போலிங். இரவு ரிப்போர்ட்டுக்கு இது போதும். டெலீட் ஆன வரி மட்டும் இதில் சிக்கவே சிக்காது.

பெரிய ஓட்டை வேறு. அந்தப் புலத்தை நிரப்பும் நவ் ஃபங்ஷன் தருவது, பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். கமிட் ஆன (மாற்றம் நிலையாகிப் பிறருக்குத் தெரியவந்த) நேரமல்ல. 10:00:00க்குத் தொடங்கி 10:00:20க்குக் கமிட் ஆகும் வரியில் 10:00:00 என்றுதான் இருக்கும். அதற்குள் போலிங் 10:00:15ஐத் தாண்டியிருந்தால் அந்த வரி போனது போனதுதான், எர்ரர்கூட வராது. சீக்வென்ஸ் தரும் (தானாகக் கூடிக்கொண்டே போகும்) எண்ணை வைத்துத் தேடினாலும் இதே கதி. போலிங்தான் வழி என்றால், மிக நீண்ட டிரான்சாக்‌ஷன் எவ்வளவு நேரம் ஓடுமோ அதைவிடக் கூடுதலாகப் பின்னால் போய்த் தேடுங்கள். ஒரே வரி இருமுறை வந்தாலும் கெடாதபடி வாங்கும் பக்கத்தை எழுதுங்கள்.

ஒன்றும் தவறக் கூடாதென்றால் ட்ரிக்கர்: வரி மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் ஃபங்ஷன். வரி எண், செயல், ஜேசன்பி (போஸ்ட்கிரெஸின் ஜேசன் வகை) தரவு கொண்ட மாற்ற டேபிள் ஒன்றை உருவாக்கி, இன்செர்ட், அப்டேட், டெலீட்டுக்கு ஆஃப்டர் (மாற்றத்துக்குப் பின் ஓடும்) ட்ரிக்கர் வழியாக அதில் எழுதுங்கள். அப்டேட்டுக்குத் தனி ட்ரிக்கர் வையுங்கள்: பழைய வரியும் புதிய வரியும் வேறுபட்டால் மட்டும் ஓடு என்ற வென் நிபந்தனையை இன்செர்ட்டோடு சேர்க்க முடியாது. ட்ரங்கேட் (டேபிளை முழுதாகக் காலிசெய்வது) வரிவாரி ட்ரிக்கரை எழுப்பாது; அதற்கும் தனியாக வேண்டும். ட்ரிக்கருக்குள் ஹெச்டிடிபி அழைப்பு மட்டும் வேண்டாம். ட்ரிக்கர் தவறினால் ஆர்டரே ரோல்பேக் (ரத்து) ஆகிவிடும்.

இணைந்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் நோட்டிஃபை கட்டளையை அழைப்புமணியாக மட்டும் வையுங்கள். அதன் செய்தி 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். கேட்க யாரும் இணைந்திராவிட்டால் தொலைந்துவிடும். ஆகவே மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் 30 நொடிக்கொருமுறை மாற்ற டேபிளைப் பாருங்கள். இங்கே கடைசி எண்ணை நினைவில் வைத்து நகர்ந்தால் பழைய ஓட்டை திரும்பிவிடும். ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் (வரியைப் பூட்டி, பிறர் பூட்டியதைத் தாண்டிச் செல்வது) கொண்டு எடுத்து, வேலை முடிந்ததும் அதே டிரான்சாக்‌ஷனில் டெலீட் செய்யுங்கள். வரிசை முக்கியமென்றால் இந்த வேலைக்கு ஒரே வொர்க்கர் (பின்னணியில் ஓடும் புரோகிராம்).

மொத்தமாக லட்சக்கணக்கில் அப்டேட் நடக்கும் டேபிளில் வரிவாரி ட்ரிக்கர் இழுக்கும். 10ஆம் பதிப்பு முதல் உள்ள டிரான்சிஷன் டேபிளோடு (ஒரு கட்டளையில் மாறிய வரிகளெல்லாம் இருப்பது) கட்டளைக்கு ஒருமுறை ஓடும் ஸ்டேட்மென்ட் ட்ரிக்கர் போடலாம். செயலுக்கு ஒன்றாக மூன்று எழுத வேண்டும். இணைப்புகளைப் பகிரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் மோடில் இருந்தால், நோட்டிஃபை செய்தியைக் கேட்கும் லிசன் வேலை செய்யாது. அந்த வொர்க்கருக்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுங்கள்.