600 மி.மீ. ஸூம் லென்ஸில் பறவையைத் தெளிவாக எடுப்பது எப்படி?

சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2, நிக்கான் 200-500 ஆகிய மூன்று ஸூம் லென்ஸ்களும் (எண்கள் மி.மீ. கணக்கில் குவியத் தூரம்), லட்சக்கணக்கில் விலை போகும் பெரிய லென்ஸ்களை வாங்க முடியாதவர்களுக்குக் காட்டுயிர்ப் படக்கலையின் கதவைத் திறந்துவிட்டவை. மூன்றும் ஏறக்குறைய 2 கிலோ எடை, மூன்றிலும் முன்கண்ணாடிக்கு 95 மி.மீ. ஃபில்டர். வாங்கியவர்களில் பலர் முதல் வாரமே சொல்வதும் ஒன்றுதான்: “லென்ஸ் சாஃப்ட்டா இருக்கு”, அதாவது படம் கூர்மையாக இல்லை. அப்படி வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி வேறு: கை நடுக்கம், போதாத ஷட்டர் வேகம், தப்பிய ஃபோகஸ், கானல் (சூடான காற்றின் நெளிவு). லென்ஸை விற்கும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள்

600 மி.மீ. இருந்தால் ஏரியின் மறுகரையில் இருக்கும் பறவையையும் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பாதிப் படங்கள் வீணாகின்றன. கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 20 மீட்டர் தூரத்தில் படச்சட்டத்தின் அகலம் சுமார் 78 செ.மீ. சிறு மீன்கொத்தியின் நீளம் 17 செ.மீ. 24 மெகாபிக்சல் படத்தில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 1300 பிக்சல். அதே பறவை 50 மீட்டரில் இருந்தால் 520 பிக்சல்தான். இறகின் இழை தெரியாது. 10 மீட்டருக்கு வந்துவிட்டால் 2600 பிக்சல்.

ஆகவே ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன்கொத்தி, தேன்சிட்டு போன்றவைக்கு 10 மீட்டருக்குள். மடையான், கொக்குக்கு 25 முதல் 30 மீட்டர். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பூநாரை என்றால் 60 மீட்டர் வரை. அதற்கு மேல் போனால் பறவையை மட்டும் எடுக்க முயலாமல், மரத்தோடும் தண்ணீரோடும் சேர்த்துக் காட்சிப் படமாக எடுங்கள். வேடந்தாங்கல் கரையில் நின்று எடுப்பவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்: எட்டத்து மரத்தில் உள்ள ஒற்றை நாரையைவிட, மரம் முழுக்க அமர்ந்திருக்கும் கூட்டம் நல்ல படம்.

கேமராவை இப்படி அமைத்துவிட்டுக் கிளம்புங்கள்

மேனுவல் முறை, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்). ஷட்டர் வேகத்தையும் அபர்ச்சரையும் (லென்ஸின் ஒளித்திறப்பு) நீங்கள் பிடித்துக்கொள்ள, வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவைக் கேமரா மாற்றிக்கொள்ளும். உச்ச வரம்பு கிராப் சென்சாருக்கு 3200, ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) 6400. மணி மணியாகத் தெரியும் நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்த படத்தைத் திருத்த வழியே இல்லை. கோப்பு ரா வடிவத்தில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) இருக்கட்டும்.

அபர்ச்சர்: 150-600 லென்ஸ்களில் 600 மி.மீ. முனையில் எஃப் 6.3 தான் முழுத்திறப்பு (எண் கூடினால் திறப்பு சுருங்கும்). வெயில் நன்றாக இருந்தால் எஃப் 8க்கு மூடுங்கள், விளிம்புக் கூர்மை கண்ணுக்குத் தெரியும்படி கூடும். விடியற்காலையில் 6.3 தான், யோசிக்க வேண்டாம். ஃபோகஸ் ஆழம் எவ்வளவு குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 10 மீட்டரில், கிராப் சென்சாரில், எஃப் 6.3ல் சுமார் 7 செ.மீ. கண்ணில் பிடித்தால் வால் மங்கும். அது இயல்பு. அலகில் பிடித்துக் கண் மங்கினால் படம் போயிற்று.

ஷட்டர் வேகம்: அசையாமல் நிற்கும் நாரைக்கு, லென்ஸின் நடுக்கத் தடுப்பு இயங்கினால், 1/500 நொடி. கிளையில் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சிறு பறவைக்கு 1/1000. மெதுவாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கு 1/1600, செம்பருந்துக்கு 1/2000, நீரில் பாயும் மீன்கொத்திக்கு 1/3200. நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. புதியவர்கள் 1/250ல் எடுத்துவிட்டுக் குழம்புவது இங்கேதான்.

வெள்ளைப் பறவைகளில் கவனம் தேவை. இருண்ட நீர்ப் பின்னணியில் கொக்கு நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு வெறும் வெள்ளைத் தாளாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) -0.7ல் வையுங்கள். வானத்தின் பின்னணியில் பறக்கும் பருந்துக்கு நேர்மாறாக +1 வரை.

பிடிக்கும் முறை

இடது உள்ளங்கை ஸூம் வளையத்தின் அடியில் இருக்க வேண்டும், கேமரா உடலின் அடியில் அல்ல. 600க்கு நீட்டியதும் எடை முன்னால் போகும். கையும் முன்னால் போனால்தான் தாங்கும். இரு முழங்கைகளும் விலாவை ஒட்டி இருக்கட்டும். பட்டனைப் பாதி அழுத்தி ஒரு நொடி பொறுங்கள். வியூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று நிலைக்கும். அப்போது முழுதாக அழுத்தி நான்கைந்து படங்கள் தொடர்ந்து எடுங்கள். விரல் அழுத்தும் அசைவு முதல் படத்தில் விழுவதால் பெரும்பாலும் நடுப் படங்களே கூர்மையாக இருக்கும்.

2 கிலோவை அரை மணி நேரம் கையில் தாங்க முடியாது. காரிலிருந்து எடுப்பவர்களுக்கு மலிவான, சிறந்த தாங்கி பீன் பேக்: தடித்த துணிப்பையில் 2 முதல் 3 கிலோ அரிசியோ தட்டைப்பயறோ போட்டு, முக்கால் பங்கு மட்டும் நிரப்பித் தைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உள்ளே அமுங்கி உட்காராது. ஜன்னல் விளிம்பில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு எடுங்கள். எஞ்சின் ஓடினால் அந்த அதிர்வு அப்படியே படத்தில் வரும். நடந்து போகிறவர்களுக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும். லென்ஸின் அடிக்காலில்தான் அதை மாட்ட வேண்டும். கேமராவின் அடியில் மாட்டினால் முழுப் பளுவும் லென்ஸும் கேமராவும் பூட்டும் மவுண்ட் வளையத்தில் இறங்கும். அசையாத ட்ரைபாடில் இறுக்கிப் பூட்டியிருந்தால் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது

600ல் வைத்துக்கொண்டு தேடினால் இலையும் வானமும்தான் தெரியும். 200க்குச் சுருக்கிப் பறவையைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, அதன் பிறகு நீட்டுங்கள். பறப்பதை எடுக்க ஆரம்பத்தில் 300 முதல் 400 போதும். சிறகு வெட்டுப்படாமல் வரும்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவதைக் குறைக்க, லென்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஃபோகஸ் தேடும் தூரத்தை வரையறுக்கும் லிமிட்டர் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். சிக்மாவில் 10 மீட்டர் முதல் முடிவிலி வரை என்ற நிலை உண்டு. ஏரிக்கு அதுவே சரி. புதருக்குள் இருக்கும் சின்னப் பறவைக்கு முழு வீச்சுக்கு மாற்ற மறக்காதீர்கள், மறந்தால் லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) நடு ஃபோகஸ் புள்ளி மட்டும் போதும், எஃப் 6.3ல் ஓரப் புள்ளிகள் தடுமாறும். 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரை (குவியத் தூரத்தைக் கூட்டும் இணைப்பு) மாட்டினால் திறப்பு எஃப் 9 ஆகிவிடும், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோ ஃபோகஸ் அதற்குச் சரியாக ஈடுகொடுக்காது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் பறவைக்கண் கண்டறிதலை இயக்கிவிட்டால் இந்தப் பத்தியில் பாதி அவர்களுக்குத் தேவையில்லை.

கானல்

மற்ற தவறுகளைப் பழக்கத்தால் திருத்தலாம். கானலை எந்த விலையுள்ள லென்ஸாலும் திருத்த முடியாது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அடுக்கடுக்காக ஒளியை வளைக்கிறது; லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிதாக அந்த நெளிவையும் காட்டும். கோடியக்கரை உப்பளங்கள், பள்ளிக்கரணையை ஒட்டிய தார்ச்சாலை, கோடையில் வற்றிய ஏரிப்படுகை எல்லாம் காலை 9 மணிக்கே நெளிய ஆரம்பித்துவிடும். சோதிப்பது எளிது: லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) தூரத்துக் கிளை ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆடினால், அந்தத் தூரத்துக்கு அன்று படம் கிடையாது. கிட்டே இருப்பவற்றை எடுங்கள், அல்லது விடியலுக்கு வாருங்கள். ஏசி ஓடிய காரின் ஜன்னலைத் திறந்ததும் எடுத்தாலும் இதே கோளாறு வரும்: குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலக்கின்றன. ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

படம் கெட்டதற்குக் காரணம் கண்டுபிடிக்க

கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். கிளை கூர்மை, பறவை மட்டும் மங்கல் என்றால் ஷட்டர் போதவில்லை. முன்னால் இருக்கும் புல்லோ பின்னால் இருக்கும் இலையோ கூர்மை என்றால் ஃபோகஸ் தப்பியது. அடுத்தடுத்த படங்களில் பறவையின் உருவமே சற்று நெளிந்து மாறினால் கானல்.

டிஎஸ்எல்ஆரில் எப்போதும் ஒரே பக்கமாகவே ஃபோகஸ் தப்பினால் மட்டும் லென்ஸைச் சந்தேகியுங்கள். ட்ரைபாடில் வைத்து, 15 மீட்டரில் செய்தித்தாளை ஒட்டி, முழுத்திறப்பில் வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம், லைவ் வியூ வழியாகப் பத்துப் படம். லைவ் வியூ படங்கள் மட்டும் கூர்மை என்றால் கேமராவின் ஃபோகஸ் நுண்திருத்தத்தில் சரிசெய்யலாம். அந்த வசதி இல்லாத கேமராக்களுக்கு, லென்ஸைக் கணினியோடு இணைத்துத் திருத்தச் சிக்மாவின் யூஎஸ்பி டாக், டாம்ரான் ஜி2வுக்கான டாப்-இன் கன்சோல் உண்டு. முன்கண்ணாடியில் மலிவான யூவி ஃபில்டர் இருந்தால் சோதனைக்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். பலருக்குச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நெருங்கும்போது

பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தி உங்களையே பார்த்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் பறந்துவிடும். அதற்கு உணவு போகும், உங்களுக்குப் படம் போகும். கூட்டின் அருகே போகவே வேண்டாம். பெற்றோர் விலகிய பத்து நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது.

வீடு திரும்பியதும்

நீட்டிய குழலின் மேல் படிந்த தூசியைத் துடைத்த பிறகே லென்ஸைச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே இழுக்கப்படும். ஸூம் பூட்டைப் போடுங்கள். பையிலேயே நாள்கணக்கில் விடாதீர்கள்: நம் ஊர்க் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காட்டும் டிரை பாக்ஸ் நல்லது. முடியாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டு வையுங்கள். முள் 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றும் நேரம் வந்துவிட்டது.