கண் அசைவுச் சிகிச்சைக்குப் போகுமுன்

விபத்தோ வன்முறையோ நடந்து மாதங்கள் ஆகியும் அதே காட்சி கண்முன் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா? இஎம்டிஆர் எனப்படும் கண் அசைவுச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கிவைத்த முறை இது. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே சொல்லக் கூசும் நம்மவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். தனியாரிடம் போவதானால், இஎம்டிஆர் அடிப்படைப் பயிற்சியை முழுதாக முடித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. வலிப்பு, கண் வலி, ஒற்றைத் தலைவலி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் சில சந்திப்புகளில் கண் அசைவே இருக்காது. சிகிச்சையாளர் பழைய விவரம் கேட்பார், பதற்றத்தை அடக்கும் பயிற்சி தருவார். 'எப்போதுதான் தொடங்குவீர்கள்?' என்று அவசரப்படாதீர்கள். இந்த அடித்தளம் இல்லாமல் நினைவைக் கிளறினால், ஆள் மரத்துப்போய் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் உட்கார்ந்துவிடுவதுண்டு.

கட்டுமானத் தளத்தில் சாரம் சரிந்து பக்கத்தில் நின்றவர் விழுந்ததைப் பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆக மோசமான ஒரு காட்சியை அவர் தேர்ந்தெடுப்பார்: கம்பியைவிட்டு நழுவும் கை. அதோடு ஒட்டிய எண்ணம், 'என்னால்தான் நடந்தது'. அதற்குப் பதில் நம்ப விரும்புவது, 'என்னால் முடிந்ததைச் செய்தேன்'. இந்த வாக்கியங்கள் மனத்தில் தமிழில் ஓடினால் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், நல்ல எண்ணத்தின் மீதான நம்பிக்கைக்கு 1 முதல் 7 வரை.

பிறகு சிகிச்சையாளர் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்துக்கு ஓர் அடி தள்ளி இரண்டு விரல்களை இடமும் வலமும் அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடருங்கள். ஒரு சுற்றில் சுமார் 24 முறை, அரை நிமிடம். நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, 'இப்போது என்ன வருகிறது?' என்பார். ஒரு வரி போதும். வேதனை 0க்கு இறங்கும்வரை சுற்றுகள் தொடரும். அடுத்து நல்ல எண்ணத்தை உறுதிப்படுத்தி, உடம்பில் எங்காவது இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சந்திப்பு 60 முதல் 90 நிமிடம்.

காட்சியை நினைத்தபடியே விரலையும் தொடரும்போது மனத்தின் கவனம் பங்கிடப்பட்டு, காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கண் அசைவு அவசியந்தானா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

கண் வலித்தாலோ தலை சுற்றினாலோ உள்ளங்கையில் மாறிமாறித் தட்டும் முறைக்கு மாறலாம். வேதனை மதிப்பெண் 3இலேயே நின்றுவிட்டால், பெரும்பாலும் அதைவிடப் பழைய நினைவு ஒன்று அடியில் இருக்கும். தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்துங்கள், உடனே நிறுத்துவார்.

இரண்டு மூன்று நாள் கனவுகளும் எரிச்சலும் வரலாம். சந்திப்பு முடிந்த கையோடு வண்டி ஓட்டுவதையும் இரவு வேலையையும் தவிருங்கள். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். யூடியூப்பில் ஓடும் புள்ளியைப் பார்த்து வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். விபத்து வழக்கில் சாட்சி சொல்ல இருப்பவர், தொடங்குமுன் வழக்கறிஞரிடம் பேசிவிட வேண்டும்: சிகிச்சைக்குப் பிறகு காட்சி முன்போல் துல்லியமாக நினைவுக்கு வராமல் போகலாம்.